அனுமதி கேட்டவர்

பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சின்னத் தெருவில் பாதி வீடுகள் எதையாவது விற்றுக்கொண்டிருந்தன. முனை வீட்டில் ஒரு சீன அம்மாள் துணி தைத்துக் கொடுத்தாள். அதற்கு எதிர்வீட்டில் கணக்கு டியூஷன். விநாசித்தம்பி வீட்டுக்கு அடுத்த வீட்டு மலாய்க்காரி காமாரியா, தன் கேட்டுக்கு முன்னால் மடக்கு மேசை ஒன்றைப் போட்டுக் காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் விற்றாள். கணவன் செத்த பிறகு அவள் பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த மேசைதான். யாரும் எந்த அலுவலகத்துக்கும் போய் அனுமதி கேட்டதில்லை. வாங்குகிறவர் வந்தார், விற்கிறவர் விற்றார். ருசி கெட்டால் மறுநாள் ஆள் வரமாட்டார். அதைவிடக் கடுமையான சட்டம் அந்தத் தெருவுக்குத் தேவைப்படவில்லை.

அனுமதி என்ற சொல்லை அங்கே வாயில் வைத்துக்கொண்டே வாழ்ந்த ஒரே மனிதர் விநாசித்தம்பி. உரிம அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தகப்பனார் ரயில்வேயில் எழுத்தர். பாட்டனார் வெள்ளைக்காரனுக்குக் கணக்கெழுத யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கொடி மாறியது, ஆட்சி மாறியது; இவர்கள் வீட்டில் மாதம் பிறந்தால் வரும் அரசாங்கச் சம்பளம் மட்டும் மாறவில்லை. ஆகவே அரசாங்கம் என்பது அவருக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடி. சில நாட்களில் அதற்கும் ஒரு படி மேலே. ஜன்னலுக்குக் கம்பி போடுவதற்குக்கூட எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போட்டார். பதில் வருவதற்குள் திருடன் இரண்டு முறை வந்து போயிருந்தான். அப்போதும் அவருக்குத் திருடன் மேல்தான் கோபம்.

இப்படிப்பட்டவருக்கு மிதுஷா மகளாகப் பிறந்தாள். கோலாலம்பூரில் பெரிய ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்தவள். ஹோட்டலை யாரோ வாங்கி இடித்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் அவளுடைய கல்யாணமும் இடிந்து விழுந்தது. பினாங்குக்கு வந்து இறங்கியவள் சில வாரங்கள் யாருடனும் பேசாமல் படுத்துக் கிடந்தாள். சிங்கப்பூரிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகவும் மனமில்லை, இருக்கவும் வழியில்லை என்று கிடந்தவள், ஒரு நாள் எழுந்து அம்மாவின் அடுப்பில் கத்தரிக்காய் பொரித்துப் பால்கறி வைத்தாள். டியூஷன் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போனது. அந்த டீச்சர், நாளைக்கும் வேண்டும், காசு தருகிறேன் என்றாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. வங்கியில் வேலை செய்கிற பெண்கள், கிளினிக் நர்சுகள், தனியாக இருக்கும் கிழவர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் குவிந்தது. மத்தியானச் சாப்பாடு மட்டும்தான். அம்மா யோகம்மா தேங்காய் துருவினாள், மகள் சமைத்தாள். காமாரியா தன் பொட்டலம் விற்று முடிந்ததும் பழைய காரில் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டாள். சமையலறையிலிருந்து மிதுஷா சிரிக்கிற சத்தம் கேட்டது. விநாசித்தம்பி கூடத்தில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். இது நன்றாக ஓடினால் சிங்கப்பூருக்குப் போகமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். இந்த வயதில் அவருக்கு இருந்த ஆசையும் அது ஒன்றுதான்: மகள் வீட்டோடு இருக்க வேண்டும்.

அந்த ஆசையில் தானே மண்ணை அள்ளிப் போடுவார் என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருக்கும் தேனப்பன் ஒரு நாள் வீடு தேடி வந்தார். தைப்பூசத்துக்கு அவர் குடும்பம் வருஷா வருஷம் தண்ணீர்ப் பந்தல் போடும். "அந்தக் கத்தரிக்கா கறிய நாலு பேரு பேசிக்கிறாக. இந்த வருஷம் பந்தல் சாப்பாடு மொத்தமும் நீங்க பொறுப்பெடுத்துக்கங்க தங்கச்சி, காசு நான் குடுத்துடுறேன்," என்றார். மிதுஷா கொஞ்சம்கூடத் தயங்காமல் சரி என்றாள். விநாசித்தம்பி பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டுக்குக் கிண்ணம் கொடுத்தது, வாட்ஸ்அப் சாப்பாடு எல்லாம் வீட்டுச் சமாசாரம் என்று இதுவரை கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டார்; இது வியாபாரம். வியாபாரம் என்றால் உரிமம்.

"இனி இது விளையாட்டில்லை, பிள்ளை. லைசென்ஸ் எடுக்க வேணும்," என்றார் அன்று சாயங்காலம்.

மிதுஷா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நான் சமையல் சுகாதார கோர்ஸ் முடிச்சிருக்கேன், டைஃபாய்டு இன்ஜெக்‌ஷன் போட்டிருக்கேன். கிச்சன வந்து பாருங்க, ஹோட்டலவிட கிளீனா இருக்கு. அப்புறம் என்ன லா, அப்பா?"

"அது சுத்தம். நான் சொல்லுறது சட்டம்."

"சாப்பிடறவங்களுக்கு என் சாப்பாடு வேணும். எனக்கு அவங்க காசு வேணும். ரெண்டு பேருக்கும் சம்மதம். நடுவுல மூணாவது ஆளு எதுக்கு?"

"ஆருக்கேன் வயித்தாலை போனா? நான் வேலையிலை இருக்கேக்கை ஒரு பள்ளிக்கூடக் கன்டீனிலை சாப்பிட்டு எத்தினை பிள்ளையள் ஆஸ்பத்திரியிலை கிடந்ததுகள் தெரியுமோ?"

"அந்த கன்டீனுக்கு லைசென்ஸ் இருந்துச்சா?"

விநாசித்தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருந்தது," என்றார்.

உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த யோகம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மிதுஷா சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "கேக்காத வரைக்கும் அவங்களுக்கு நாம இல்லவே இல்ல அப்பா. கேட்டுட்டா, முடியாதுன்னு சொல்றதுதான் அவங்களுக்கு சேஃப். சரின்னு சொல்லி ஏதாச்சும் ஆச்சுன்னா அவங்க வேலை போகும். முடியாதுன்னு சொல்லி நான் கெட்டுப்போனா யாரு வேலை போகும்? சொல்லுங்க. நீங்கதான் அங்க இருந்தீங்க."

அவள் சொன்னது உண்மை என்று அந்தத் தெருவிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். எத்தனை விண்ணப்பத்தின் ஓரத்தில் 'பரிந்துரைக்கப்படவில்லை' என்று எழுதியிருப்பார்! எழுதிய ஒவ்வொரு முறையும் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியவர். விண்ணப்பம் போட்டவர்கள் தூங்கினார்களா என்று எந்த அலுவலகமும் விசாரிக்கச் சொல்வதில்லை. அவர் எழுந்து கூடத்துக்குப் போனார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது என்று மிதுஷா நினைத்துக்கொண்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் விநாசித்தம்பி முழுக்கைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை, கோயிலுக்குப் போகிறேன் என்றும் சொல்லவில்லை. பொய் சொல்வது அவர் வழக்கமில்லை. ஒன்றுமே சொல்லாமல் பஸ் ஏறித் தன் பழைய அலுவலகத்துக்குப் போனார். மகளுக்கு முதுகுக்குப் பின்னால் கெடுதல் செய்யப் போகிறோம் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. முறைப்படி உரிமம் வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவள் அடுப்படியில் மாட்டிவிட வேண்டும், அதைப் பார்த்து அவள் அசந்துபோக வேண்டும். ஆசீர்வாதம் என்றால் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வகைதான்.

வீட்டுக்காரர் என்ற முறையில் தன் பெயரிலேயே விண்ணப்பத்தைப் பிசிறில்லாத மலாயில் நிரப்பினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அருகில் வேறு உணவு விற்பனை உண்டா என்று ஒரு கேள்வி வந்தது. பேனா நின்றது. காலியாக விட்டிருக்கலாம், பாதிப் பேர் அதைக் காலியாகத்தான் விடுவார்கள், அவரே பார்த்திருக்கிறார். ஆனால் கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் முழுமையானவை' என்று கையெழுத்துப் போட வேண்டுமே! பதில் தெரிந்தும் எழுதாமல் விட்டுக் கையெழுத்துப் போடுவது அவரைப் பொறுத்தவரை கள்ளக் கையெழுத்து. காமாரியாவின் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதினார். மேசை எங்கே போடப்படுகிறது என்பதையும் எழுதினார். கேட்டிருந்தார்கள்.

உள்ளே அவருடைய பழைய நாற்காலியில் ஃபிக்ரி உட்கார்ந்திருந்தான். அவரிடம் வேலை பழகியவன். எழுந்து நின்று கை கொடுத்தான், காப்பி வரவழைத்தான். பிறகு விண்ணப்பத்தை வாங்கிப் படித்தான். படிக்கப் படிக்க முகம் மாறியது. கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, ஐயா என்பதைப்போல என்சிக் என்று கூப்பிட்டு, மலாயில் மெதுவாகச் சொன்னான்:

"என்சிக், இதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். நான் இன்னும் பார்க்கவில்லை."

"இப்பத்தான் படித்தாயே?"

"படிக்கவில்லை. பார்த்தால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். வீட்டில் சமைக்கிறவர்களை நாங்கள் தேடிப் போவதில்லை என்சிக். யாரும் எழுதித் தராதவரை எங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. காமாரியா அக்காவிடம் நானே எத்தனையோ நாள் பொட்டலம் வாங்கியிருக்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், எடுத்துக்கொண்டு போங்கள்."

விநாசித்தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. தான் இருந்த நாற்காலியில் இப்படியொருவனா! அலுவலகமே கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தார். "உன் வேலையை நீ செய், ஃபிக்ரி. பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி எனக்கொரு நகல் கொடு," என்றார். சிறைக்காவலனே கதவைத் திறந்துவைத்து ஓடிப்போ என்று கும்பிட்ட கதைதான். இவர் பூட்டைச் சரியாகப் பூட்டினாயா என்று அதட்டுகிறார். வேறு வழியில்லாமல் அவன் முத்திரையை எடுத்துக் குத்தினான். நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விநாசித்தம்பி நிமிர்ந்த நடையோடு வெளியே வந்தார்.

அலுவலகத்தின் லாரி ஒரு காலை நேரத்தில் வந்தது. ஃபிக்ரி வரவில்லை, அன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தானாம். வந்தவர்கள் மரியாதையான பையன்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சமையலறைக்குள் போனார்கள். குடியிருப்பு வீட்டை வியாபாரக் கட்டடமாக மாற்ற வேண்டும், சமையலறைக்குத் தனி வாசல் வைக்க வேண்டும், எண்ணெய்க் கழிவைப் பிடிக்கத் தொட்டி கட்ட வேண்டும், இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும்; அதுவரை விற்பனைக்குச் சமைக்கக் கூடாது என்று வாசித்துக் காட்டினார்கள். பிறகு பெரிய அடுப்பையும் அண்டாக்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வெந்த பருப்பை யோகம்மாவின் சின்னச் சட்டியில் அவர்களே பக்குவமாக ஊற்றி வைத்தார்கள். அந்த மரியாதையைப் பார்க்கத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

வெளியே காமாரியாவின் மேசையை மடக்கினார்கள். பொட்டலங்கள் இன்னும் சூடாக இருந்தன. யார் புகார் கொடுத்தது என்று அவள் கேட்டாள். விவரம் தெரியாத ஒரு பையன், "புகார் இல்லை அம்மா, பக்கத்து வீட்டு விண்ணப்பத்தில் இருக்கிறது," என்று காகிதத்தைக் காட்டினான். காமாரியா அதைப் படித்தாள். திரும்பி, வாசலில் நின்ற விநாசித்தம்பியைப் பார்த்தாள். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள்.

"தாக் அபா லா, அங்கிள்," என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மிதுஷா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லியிருப்பார். அடுப்பு இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நாளைக்குத்தானே பிள்ளை. நான் முறைப்படி எடுத்துத் தருவன்," என்று அவர் பின்னால் நின்று சொன்னார். அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

"உங்களுக்கு என்மேல கோவம்னாகூட பரவாயில்லப்பா. நல்லது செய்றேன்னு நெனச்சு செஞ்சீங்க பாருங்க, அதுக்கு நான் என்ன பண்றது?"

அந்த வாரமே சிங்கப்பூருக்கு என்று பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ் நிலையம்வரை வருகிறேன் என்றவரை யோகம்மா, "நீங்கள் இருங்கோ, நான் கொண்டுபோய் விட்டிட்டு வாறன்," என்று தடுத்துவிட்டாள்.

விநாசித்தம்பி ஓய்ந்துவிடவில்லை. மகள் போனால் என்ன, உரிமத்தை வாங்கிவிட்டால் திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பினார். பக்கத்து வீட்டுச் சம்மதம் வேண்டும் அல்லவா, பேனாவும் காகிதமுமாகக் காமாரியா வீட்டுக்குப் போய் நின்றார். ஆமாம், போனார், அதைச் சொல்ல நமக்குத்தான் கூசுகிறது. மகன் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் அவள், கம்பிக் கதவைத் திறக்காமல். அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் இன்னும் ஒரு காகிதம் இல்லை என்றார்கள். ஒருவருடைய கையெழுத்துக்காக இன்னொருவர் காத்திருந்தார், அந்த இன்னொருவர் கூட்டத்தில் இருந்தார். தான் வாழ்நாளெல்லாம் பிறரை உட்கார வைத்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இவ்வளவு மெதுவாகவா நடக்கும் என்று முதல்முறையாக ஆச்சரியப்பட்டார்.

தெருவும் மாறியது. தையல்கார அம்மாள் அவர் வருவதைக் கண்டால் திரையை இழுத்துவிட்டாள். டியூஷன் பலகையைக் காணோம். பிள்ளைகள் பின்வாசல் வழியாகப் போனார்கள். வாசலில் நின்று பேசுகிறவர்கள் அவர் நெருங்கியதும் மழையைப் பற்றிப் பேசினார்கள். யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அவரைக் கண்டு பயந்தார்கள், அவ்வளவுதான். யோகம்மாகூட வீட்டில் தங்குவதில்லை. மார்கழி, திருவெம்பாவை என்று விடியலில் கோயிலுக்குப் போனவள், மார்கழி முடிந்த பிறகும் போய்க்கொண்டிருந்தாள். அவருக்கு மகள் இல்லாத வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. போனில் மிதுஷா நல்லா இருக்கேன்பா என்பாள், வேலை இருக்கு என்று வைத்துவிடுவாள். அவள் ஊரைவிட்டுப் போனதற்கு அழுவதற்குக்கூட அவருக்கு யாரும் கூட இல்லை.

தைப்பூசத்தன்று தனியாகத்தான் தண்ணீர்மலைக்கு நடந்தார். யோகம்மா தெருப் பெண்களோடு முன்னாடியே போய்விட்டாள். சாலை நெடுகத் தேங்காய் உடைத்த நீர் ஓடியது, பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. தேனப்பன் பந்தலில் வரிசை நீளமாக நின்றது. பாவம், கடைசி நேரத்தில் வேறு ஆளைப் பிடித்திருப்பார் என்று எண்ணிக்கொண்டே விநாசித்தம்பியும் நின்றார். முன்னால் நின்ற தொண்டர் ஒருவர் இலைத்தட்டை நீட்டினார். ஓரமாக ஒதுங்கி நின்று ஒரு வாய் வைத்தார்.

பொரித்த கத்தரிக்காய். கடுகும் பெருஞ்சீரகமும் அரைத்த பால்கறி. இன்னொரு வாய் வைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. கறி இன்னும் ஆவி பறக்கச் சூடாக இருந்தது. சிங்கப்பூரில் சமைத்தது இப்படிச் சுடாது.

கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பந்தலுக்குப் பின்பக்கம் போனார். காமாரியாவின் பழைய கார் டிக்கியைத் திறந்தபடி நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் அண்டாவை இறக்கினார்கள், காமாரியா பார்த்து பார்த்து என்று அதட்டிக்கொண்டிருந்தாள். மர ஸ்டூலில் உட்கார்ந்து யோகம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. கோயிலுக்கென்று கிளம்பிய காலைகளிலெல்லாம் அவள் எங்கே போனாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது. அவருக்கு மட்டும்தான் தெரியாது.

தேனப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "வாங்க சார், வாங்க. இது அன்னதானம் சார், விக்கிறதில்ல. பந்தலுக்கு பெர்மிட் இருக்கு சார். வேணும்னா எடுத்தாரச் சொல்றேன்..."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே," என்றார் விநாசித்தம்பி. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. தேனப்பன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வழியை மறித்தபடியே நின்றார். தன்னை நிறுத்திவைக்கிறார்கள் என்று விநாசித்தம்பிக்கு விளங்கியது. திரும்பிப் போய் மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. முன்பு பரிமாறிய தொண்டர் போய், அந்த இடத்தில் மிதுஷா கரண்டியோடு நின்றாள். முகம் வியர்த்திருந்தது, தலையில் துணி கட்டியிருந்தாள். அவர் முறை வந்தது.

"சிங்கப்பூருக்குப் போகேல்லையோ, பிள்ளை?"

"இல்லப்பா."

"எங்கை சமைக்கிறாய்?"

"சொல்லமாட்டேன்."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

மிதுஷா கரண்டியைக் கறிக்குள் விட்டபடி அவரை நேராகப் பார்த்தாள். "ஆபீஸ்ல கூப்பிட்டு உங்ககிட்ட கேட்டாங்கன்னா?"

விநாசித்தம்பி வாயைத் திறந்தார். தெரியாது என்று சொல்வேன்: அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மகள் காத்துக்கொண்டிருந்தாள். பொய்யென்று தெரிந்தாலும் இந்த ஒரு தரம் சொல்லிவிட மாட்டாரா என்று அவள் கண் கெஞ்சியது. மகள்மேல் உயிராக இருந்தார்; ஆனாலும் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டார். கேட்டால் அவர் சொல்லிவிடுவார். வீட்டு எண்ணோடு சொல்லுவார்.

அவள் இன்னொரு கரண்டி கறியை அவர் தட்டில் நிறைய ஊற்றினாள்.

"கொஞ்சம் நகருங்க அப்பா. பின்னால ஆள் நிக்கிறாங்க."